வங்கி அதிகாரி நேர்முகத் தேர்வு: இரண்டு ஆண்டு இடைவெளியைக் கேட்டால் என்ன சொல்வது?

உசிலைக் கணிதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிறகு மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலைக் கணிதம் முடித்தேன். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் பி.ஓ. (வங்கி அதிகாரி) தேர்வில் முதல்நிலை, முதன்மை இரண்டிலும் தேறி, இப்போது நேர்முகத் தேர்வுக்குச் சென்னையில் ஒரு மையத்துக்கு வரச் சொல்லி அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. இன்றிலிருந்து சரியாக 22 நாட்கள் இருக்கின்றன. இதுவரை நான் எழுதியவை பெரும்பாலும் எழுத்தர் தேர்வுகள். அவற்றுக்கு நேர்முகமே கிடையாது என்பதால், நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து பேசிய பழக்கம் எனக்கு இல்லை.

அப்படிச் சொல்வதும் முழு உண்மை ஆகாது. சென்ற ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலப் பத்தியை ஒப்பிக்கத் தொடங்கினேன். நான்காவது வாக்கியம் வரை தடையில்லாமல் போயிற்று. ஐந்தாவது வாக்கியத்தின் முதல் சொல் வரவில்லை. பள்ளியில் செய்யுள் மறந்துபோனால் செய்வதைப் போல மறுபடியும் முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். எதிரில் இருந்தவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது எதுவும் நினைவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும் வரை சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. கல்லூரி முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முடித்த கையோடு அப்பாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. எங்களுக்கு முக்கால் ஏக்கரில் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. அப்பா எழுந்து நடமாடும் வரை பூப்பறிக்க ஆள் சேர்ப்பதையும், பொழுது விடிவதற்குள் பூவை மார்க்கெட்டுக்கு அனுப்புவதையும், கடைக்காரர் கொடுத்தனுப்பும் சீட்டை நோட்டில் ஏற்றுவதையும் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டோம். மீதி நேரத்தில் படித்தேன். இதையெல்லாம் குழுவிடம் சொன்னால் மதிப்பு குறையும், ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன் என்று சொல்லிவிடு என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். என்ன சொல்வது? ஆங்கிலம் சரளமாக வராது என்பதை எப்படிச் சமாளிப்பது? முதல் பார்வையிலேயே நல்ல எண்ணம் வரவேண்டும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகை ஓய்வூதியர் எழுதியது:

அம்மா, முதலில் என் வாழ்த்து. நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில ஆண்டுகளில் நேர்முகக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இறுதித் தரவரிசையில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்று எடை போடுகிறார்கள். நேர்முகம் 100 மதிப்பெண்ணுக்கு. அதில் 10 மதிப்பெண் கூடினால் இறுதிக் கணக்கில் 2 கூடும். 225 மதிப்பெண் கொண்ட முதன்மைத் தேர்வில் அதே 2-ஐப் பெற ஐந்தரை மதிப்பெண்ணுக்கு மேல் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். அந்தத் தேர்வில் ஐந்தரை மதிப்பெண் எடுக்க என்ன பாடு பட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இங்கே கால் மணி நேரப் பேச்சில் அது கிடைக்கிறது அல்லது போகிறது. தேறுவதற்குக் குறைந்தபட்சம் 40 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிப் பிரிவினருக்கு 35 சதவீதம். அந்த வரம்புக்குக் கீழே போனால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை.

தோழி சொன்னதைக் கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொன்னால் எங்கே, எத்தனை மாதம் என்பது அடுத்த கேள்வி. அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது அதற்கடுத்தது. எக்செலில் ஒரு கடனுக்கு மாதத் தவணை போட எந்தச் சூத்திரம் என்று மூன்றாவதாக ஒருவர் கேட்பார். நான்காவது கேள்விக்குள் சாயம் வெளுத்துவிடும். சாயம் வெளுத்த பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் ஏறாது. பணத்தைக் கையில் எடுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், எதை மன்னித்தாலும் இதை மன்னிப்பதில்லை.

உள்ளே இருக்கும் நான்கைந்து பேருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் நிரப்பிய படிவமும், நீங்கள் வாய் திறந்து சொல்லும் முதல் சில வாக்கியங்களும்தான் அவர்கள் கையில் இருக்கும். காலையிலிருந்து முப்பது பேரைப் பார்த்துக் களைத்திருக்கும் அவர்கள், புதிதாகக் கேள்வி தேடிக் கண்டுபிடிப்பதில்லை. நீங்கள் சொன்ன வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். நீங்கள் போட்ட வரப்பிலேயே நடந்து வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருக்கும்போது உங்கள் காலுக்குப் பழகிய தோட்டத்துக்கு அவர்களை அழைத்துப் போவதா, யூடியூபில் பார்த்த யாரோ ஒருவருடைய தோட்டத்துக்கு அழைத்துப் போவதா?

முக்கால் ஏக்கர் மல்லிகை என்று நீங்கள் சொன்னவுடன் என்னவெல்லாம் கேட்கலாம் என்று ஒரு பழைய விவசாயக் கடன் அதிகாரியாக எண்ணிப் பார்த்தேன். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு எப்போது கிடைத்தது என்று ஒருவர் கேட்பார், 2013. அதனால் விவசாயிக்கு என்ன லாபம் என்று இன்னொருவர் மடக்குவார். அதற்கு உங்கள் வீட்டு அனுபவத்தில்தான் பதில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. கோடையில் பூ கொட்டும்போது சென்ட் ஃபேக்டரிக்கு அடிமாட்டு விலைக்குப் போகும் அதே மல்லிகை, பனி விழும் மார்கழியிலும் தை முகூர்த்தத்திலும் ஆயிரங்களைத் தொடுகிறதே, இப்படி ஏறி இறங்கும் வருமானத்துக்குக் கடன் கொடுத்தால் தவணையை எப்படி அமைப்பீர்கள் என்று மூன்றாமவர் கேட்கலாம். மாதச் சம்பளக்காரரிடம் வாங்குவது போல ஒரே அளவுத் தவணை கேட்டால் அந்தக் கடன் வாராக்கடனாகும், அறுவடையையும் விற்பனைக் காலத்தையும் ஒட்டித்தான் பயிர்க்கடனைத் திருப்பக் கேட்கிறோம் என்பதை நீங்கள் சொல்லிவிட்டால், நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அங்கிருந்து கிசான் கடன் அட்டைக்குப் போவார்கள். பல ஆண்டுகளாக 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி, உரிய காலத்தில் கட்டினால் 3 சதவீதச் சலுகை, ஆகவே உண்மையில் 4 சதவீதம் என்பதைத் தெரிந்து வையுங்கள். அந்த 3 லட்சத்தை 5 லட்சமாக உயர்த்தும் அறிவிப்பு 2025 மத்திய நிதிநிலை அறிக்கையில் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிகள் தரும் மொத்தக் கடனில் 40 சதவீதம் வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு, அந்த 40-க்குள் 18 வேளாண்மைக்கு என்ற இலக்கு எதற்காக என்று யோசித்து வையுங்கள். நகைக்கடன் நம் பக்கத்தில் தவறாமல் வரும் தலைப்பு. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியின்படி இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தொகை ஏற ஏற விகிதம் குறையும்.

மதுரையிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் சுய உதவிக் குழுக்களையும் கேட்கலாம். ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் இவற்றை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. நம் மாவட்டத்தில் களஞ்சியம் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மாளின் காலைத் தொட்டு வணங்கினாரே அன்றைய பிரதமர் வாஜ்பாய், அந்த அம்மாளுக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலிப் பெண் கடன் ஒழுங்கைப் பற்றி வங்கி அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்த ஊர் இது. இதைச் சென்னையிலோ டெல்லியிலோ படித்த பிள்ளைகள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கணிதம் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு என்ற கேள்வி நிச்சயம். "எனக்கு எண்கள் பிடிக்கும்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. ஒருமுறை என் பக்கத்தில் இருந்த உறுப்பினர், 8 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று ஒரு பையனிடம் கேட்டார். அவன் 72-ஐ 8-ஆல் வகுத்து 9 ஆண்டு என்றான். ஏன் 72 என்று அவர் கேட்டார். இரண்டின் இயல் மடக்கை 0.693, அதை நூறால் பெருக்கினால் 69 சொச்சம், வகுக்க வசதியாக 72-ஐ வைத்துக்கொள்கிறோம், இந்த அளவு வட்டி விகிதத்துக்கு அதுதான் நெருக்கமாகவும் வருகிறது என்று அவன் தாளில்கூட எழுதாமல் சொன்னான். அவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று இன்று என்னைக் கேட்டால் தெரியாது.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். அதை முகம் சுருங்காமல் சொல்லப் பழகுங்கள். இரண்டு முறை தெரியாது என்று சொன்னதற்காக எந்தக் குழுவும் ஒருவரைத் தள்ளியதை நான் பார்த்ததில்லை. சுற்றி வளைத்து ஏதோ சொல்லி நேரத்தைக் கடத்தியவர்களுக்குக் குறைத்துப் போட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்துக்கு 22 நாளில் செய்யக்கூடியது ஒன்றே: சிறிய வாக்கியங்களில் பேசுங்கள். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. நீளமாகத் தொடங்கினால் வாலைப் பிடிக்க முடியாமல் போகும்.

வடபழஞ்சி மனிதவளம் எழுதியது:

நான் வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் உள்ள ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். தங்கையின் முதல் பதிவைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பேச முடியாமல் நிற்கும் ஒரு பிள்ளைக்கு முன்னால் கைப்பேசியை எடுத்தவர் செய்தது பிழை. தண்ணீர் குடிக்கச் சொல்லி, கேள்வியை மாற்றிக் கேட்டிருக்க வேண்டும். அந்த நாளை உங்கள் தோல்வியாக மட்டும் எண்ணிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறாதீர்கள்.

ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சட்டையின் நிறம் நினைவில்லை என்கிறார். சட்டை பொருத்தமாக இருந்ததால்தான் அது நினைவில் நிற்கவில்லை. கசங்கிய காலரோடோ, அக்குளில் வியர்வை படிந்த பளபளப்புத் துணியோடோ வந்திருந்தால் ஐயாவுக்கு இன்றைக்கும் நினைவிருந்திருக்கும். பெண் பிள்ளைகள் செய்யும் வழக்கமான தவறு, அன்றைக்கென்று புதிதாக ஒரு புடவை எடுத்து, அன்றைக்கே முதன்முதலாகக் கட்டுவது. கொசுவம் எங்கே நழுவுமோ என்ற கவலையிலேயே பாதிக் கவனம் போய்விடும். கட்டிப் பழகிய பருத்திப் புடவையோ, துப்பட்டாவைப் பின் குத்திய சுடிதாரோ போதும். இரண்டு முறை துவைத்த துணியாக இருக்கட்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். நின்றால் நன்றாக இருக்கும் உடை உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்கும், குழு உங்களை உட்கார்ந்த நிலையில்தான் பார்க்கிறது. மதுரையில் 1921-இல் காந்தி ஒரே நாளில் உடையை மாற்றிக்கொண்டார் என்பது சரித்திரம். நமக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

மனப்பாடத்துக்கு வருகிறேன். வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறினால் எல்லாம் போய்விடும். அதற்குப் பதிலாக நான்கு சொற்களை மட்டும் வரிசையாக மனத்தில் வையுங்கள்: ஊர், படிப்பு, தோட்டம், தேர்வு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்களை அந்த நேரத்தில் நீங்களே அமைத்துச் சொல்லுங்கள். தினமும் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் மூன்று நாள் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து எங்கே இழுக்கிறீர்கள், எங்கே "ஆக்சுவலி" என்று சொல்லி மூச்சு வாங்குகிறீர்கள் என்பது தெரியும். ஒன்றரை நிமிடத்தில் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் நானே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன்.

அப்பாவின் அறுவை சிகிச்சையைச் சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுங்கள். அங்கே குரல் தழுதழுத்தால் குழு உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கும். ஆறுதல் வாங்கப் போன இடம் அது இல்லை. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால் "நான் அளவுக்கு மீறி உழைப்பவள்" என்ற பதில் மட்டும் வேண்டவே வேண்டாம். உண்மையான ஒரு சிறு குறையையும், அதற்காக இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்குக் கைவசம் ஒன்று இருக்கிறதே: ஆங்கிலம் பேச நேரம் எடுக்கிறது, அதற்காகத் தினமும் பதிவு செய்து பழகுகிறேன் என்பதுதான்.

மேலூர்க் கால்வாய் எழுதியது:

தங்கச்சி, நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நேர்முகத்தில் தேறி இப்போது கிராமக் கிளை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பெரியவர்கள் பேச்சைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே போவதற்கு முன்பே ஆட்களை வடிகட்டுவது அதுதான்.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து முதலெழுத்தாக இருந்தது. ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. முன்கூட்டியே உறுதிமொழிப் பத்திரம் எடுத்துப் போயிருந்ததால் தப்பித்தேன். இன்றைக்கே எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி, பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பப் படிவத்தில் என்ன பெயர் கொடுத்தீர்களோ அதுதான் அளவுகோல்.

நீங்கள் ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பித்திருந்தால் இன்னொன்று உண்டு. பள்ளியில் படிக்கும்போது வாங்கி வைத்த சாதிச் சான்றிதழில் பி.சி. என்றோ எம்.பி.சி. என்றோ இருக்கும்; அது மாநில அரசுக்குச் செல்லும், இங்கே செல்லாது. மத்திய அரசு வேலைக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனி. அதில் வளமான பிரிவினர் அல்லர் என்ற வாசகமும், அறிவிக்கையில் சொல்லியிருக்கும் கால வரம்புக்குள் வாங்கிய தேதியும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர நாள் பிடிக்கும். என்னோடு வந்த ஒரு பையன் பழைய சான்றிதழைக் கொண்டு வந்து, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். அவன் என்னைவிட நன்றாகப் படித்தவன். கல்விக்கடன் வாங்கியிருந்தால் தவணை பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணியில் சேரும்போது கடன் வரலாற்றையும் வங்கிகள் பார்க்கின்றன.

நேர்முகம் நடக்கும் அன்று காலையில் சென்னையில் போய் இறங்கலாம் என்று திட்டமிடாதீர்கள். நான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனேன். அன்றைக்கென்று பார்த்து வண்டி தாமதம். எழும்பூரில் இறங்கிப் பொதுக் கழிப்பறையில் சட்டை மாற்றிக்கொண்டு ஓடினேன். முந்தின நாளே போய் உறவினர் வீட்டிலோ மகளிர் விடுதியிலோ தங்கிவிடுங்கள். போடியிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டி 2023-இலிருந்து வாரத்தில் சில நாட்கள் உசிலம்பட்டி வழியாகவே போகிறது. நாள் பொருந்தினால் மதுரைக்கு வரும் அலைச்சல் மிச்சம். மையத்தில் காத்திருக்கும் நேரம் நீளும். எனக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். பசி முகத்தில் தெரியும், பையில் பிஸ்கட்டாவது இருக்கட்டும். காத்திருக்கும் கூடத்தில் வெளியே வருகிறவர்களைச் சூழ்ந்துகொண்டு என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள், பயம்தான் கூடும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆள் தேடுவதானால் கோ.புதூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். நானும் அங்கே பழகிய மூன்று பேரோடு சேர்ந்து பயிற்சி செய்தேன். உள்ளே பேச முடியாதே, அதனால் மாலையில் காந்தி அருங்காட்சியக மரத்தடிக்குப் போய்விடுவோம். மூன்று பேர் கேள்வி கேட்க ஒருவர் பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவர் வேண்டுமென்றே கொட்டாவி விட வேண்டும், குறுக்கே பேச வேண்டும் என்பது எங்கள் விதி. உங்களுக்கு நடந்த அந்தக் கைப்பேசி விஷயத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

உசிலைக் கணிதம் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. சான்றிதழ்களைப் பரப்பிப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறது. ஆதாரில் மட்டும் முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி இல்லை. இது பரவாயில்லை என்று நினைக்கிறேன், அண்ணன் சொல்ல வேண்டும்.

அறிமுகப் பதிலை அக்கா சொன்ன நான்கு சொற்களை வைத்துப் பேசிப் பதிவு செய்தேன். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்: "உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வருகிறேன். இளங்கலைக் கணிதம் முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பம் முக்கால் ஏக்கரில் மல்லிகை பயிரிடுகிறது. படிப்பு முடிந்த ஆண்டில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் 11 மாதங்கள் தோட்டத்தின் வரவு செலவை நான் பார்த்தேன். எந்த மாதங்களில் செலவு வரவை மிஞ்சுகிறது என்று அந்த நோட்டிலிருந்து கணக்கிட்டேன். அதே காலத்தில் இந்தத் தேர்வுக்கும் படித்தேன். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவோடு இணைந்து செயல்படுவேன்." ஒரு நிமிடம் பத்து நொடி வருகிறது.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. தோட்டத்தைப் பற்றிச் சொன்னால், உங்கள் அப்பா எந்த வங்கியில் கடன் வாங்கினார் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? நாங்கள் வங்கியில் வாங்கவில்லை. அம்மாவின் சங்கிலியை உசிலம்பட்டியில் ஓர் அடகுக் கடையில்தான் வைத்தோம். வங்கி வேலைக்குப் போகிறவள் அதை எப்படிச் சொல்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள்: தலையில் பூ வைத்துக்கொண்டு போகலாமா?

வைகை ஓய்வூதியர் எழுதியது:

பூவை முதலில் முடித்துவிடுவோம். ஒரு சிறு கண்ணி வைத்துக்கொண்டு வந்தவருக்கு மதிப்பெண் குறைந்ததையும் கூடியதையும் நான் பார்த்ததில்லை. வைத்துக்கொள்வது உங்கள் வழக்கம் என்றால் வையுங்கள். காலையில் வைத்து மதியம் கூப்பிட்டால் வாடியிருக்கும் என்பதை ஒரு மல்லிகைத் தோட்டக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிமுகத்தில் கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள். கடின உழைப்பாளி, நேர்மையானவள் என்று அன்று வருகிற முப்பது பேரும் சொல்வார்கள். 11 மாத நோட்டே அதைச் சொல்லிவிட்டது. தேர்வுக்குப் படித்தேன் என்பதோடு நிறுத்துங்கள். அந்த நோட்டைப் பற்றிச் சொன்னவுடன், எந்த மாதங்கள் என்று கேட்பார்கள். மாதத்தின் பெயரும், சுமாரான தொகையும், காரணமும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

அடகுக் கடையை மறைக்க வேண்டாம். நீங்களாக வலியச் சொல்லவும் வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள். பக்கத்தில் வங்கி இருக்க உங்கள் அப்பா ஏன் அடகுக் கடைக்குப் போனார் என்பது எங்கள் தொழிலின் மிகப் பழைய கேள்வி. நான் கிளை மேலாளராக இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள ஊர் ஊராகப் போயிருக்கிறேன். வங்கி திறப்பதற்குள் பறிப்புக் கூலி கொடுத்தாக வேண்டியிருந்ததா, நகை மதிப்பீட்டாளர் வரும் நாளுக்குக் காத்திருக்கச் சொன்னார்களா, பட்டா தாத்தா பெயரிலேயே இருந்ததால் பயிர்க்கடன் கிடைக்கவில்லையா, கவுண்டரில் யாராவது முகம் கொடுத்துப் பேசவில்லையா? அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை அப்படியே சொல்லி, நான் அந்தக் கிளையில் அதிகாரியாக இருந்தால் இன்னதைச் செய்திருப்பேன் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். அடகுச் சீட்டில் வட்டி எவ்வளவு என்பதையும் பார்த்து வையுங்கள். ஆண்டு வட்டியாக எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள்.

மேலூர்க் கால்வாய் எழுதியது:

புள்ளி இல்லாததற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தங்கச்சி. எழுத்துதான் மாறக் கூடாது. நூலகப் பக்கம் வருவதானால் இங்கே சொல்லுங்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளோடு சேர்த்துவிடுகிறேன்.

உசிலைக் கணிதம் எழுதியது:

அப்பாவிடம் கேட்டேன், ஐயா. பறிப்பு ஆட்கள் காலை ஏழு மணிக்குக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்களாம். வங்கியில் நகை வைக்கப் போனால் ஒரு நாள் வேலை கெடுமாம், அடகுக் கடைக்காரரோ ராத்திரி எட்டு மணிக்கும் கதவைத் திறந்தாராம். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். இதுவரை வட்டியாக மட்டும் எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் நோட்டில் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.